முப்பத்தெட்டாவது நிமிடத்தில் நிற்கும் வண்டி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல. என் அக்கா கேட்டு வாங்கியது.

போன புதன்கிழமை காலை போன் செய்தாள். "டேய், வாராவாரம் ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் கிண்டல் பண்ணி எழுதறியே, இந்த வாரம் எங்க வண்டியைப் பத்தி எழுது."

பதினெட்டு வருஷமாக எழுதுகிறேன். எழுதாதே என்று அவள் பல முறை சொன்னதுண்டு. எழுது என்றது இதுதான் முதல் தடவை.

"வண்டியைப் பத்தி என்னத்தை எழுதறது?"

"ஏன் நடுவழியில நிக்குதுன்னு எழுது."

"ஏன் நிக்குது?"

சொன்னாள். வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்து, "இதை நீயே அத்தான்கிட்ட சொல்லிடலாமே?" என்றேன்.

"முப்பத்தொரு வருஷம் பாலிடெக்னிக்ல என்ஜின் பாடம் நடத்தின மனுஷன். என்ஜின் ஏன் நிக்குதுன்னு அவர்கிட்டப் போயி நாத்து விக்கிற நான் சொல்றதா? நல்லா இருக்குடா! நீ எழுது. உன் பிரதியை எப்படியும் அவர் படிப்பாரு."

படிப்பார். நான் எழுதுவது எதுவும் என் அத்தானின் சிவப்புப் பேனாவைத் தாண்டாமல் அச்சுக்குப் போவதில்லை. நானாகக் கேட்டுக்கொண்ட உதவி அல்ல. ஒரு முறை அச்சில் வந்த கட்டுரையில் பத்தொன்பது பிழைகளை வட்டமிட்டுத் தபாலில் அனுப்பினார். அதன் பிறகு முன்கூட்டியே கொடுத்துவிடுவது மானத்துக்கு நல்லது என்று பட்டது.

"அப்படி என்ன அவசரம்?"

"வெள்ளிக்கிழமை பம்பைக் கழட்டப்போறாராம். சாப்பாட்டு மேஜையில இப்பவே பேப்பர் விரிச்சாச்சு. கழட்டினா ஒரு வாரத்துக்கு வண்டி நகராது. சனிக்கிழமை காலையில அறுநூறு கன்னு மேட்டு ஆஸ்பத்திரிக்குப் போயாகணும். அந்த ஆர்டருக்கு நான் ஒன்றரை வருஷம் நடையா நடந்திருக்கேன்டா."

"வேற வண்டி பிடிச்சுக்கோயேன்."

"மூணடுக்குத் தட்டு இந்த வண்டியிலதான வெல்டு பண்ணி வச்சிருக்கேன்? ஒண்ணு மேல ஒண்ணு போட்டு ஏத்த அது என்ன உருளைக்கிழங்கு மூட்டையா?"

ஆகவே உட்கார்ந்தேன். இலக்கியத்தின் பயன் என்ன என்று மேடையில் பலர் தொண்டை கமறப் பேசக் கேட்டிருக்கிறேன். ஒரு பம்பைக் கழற்றவிடாமல் தடுப்பது என்று யாரும் சொன்னதில்லை.

வாசகருக்கு ஒரு குறிப்பு. இரண்டு முதல் ஐந்து வரையான பகுதிகள் வியாழன் காலை அத்தான் கைக்குப் போனவை. அவற்றில் சதுர அடைப்புக்குள் இருப்பது அவருடைய சிவப்பு மை, அழிக்காமல் விட்டிருக்கிறேன். இந்தப் பகுதியும் கடைசி இரண்டும் அவரிடம் போகவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'இயந்திரங்களுக்கும் ஆன்மா உண்டு என்று—'

வேண்டாம். ஆன்மா என்று ஒன்று இருந்திருந்தால் இந்த வண்டி எப்போதோ சாமியாராகப் போயிருக்கும்.

இரண்டாம் முயற்சி: 'காலத்தின் துருவேறிய சக்கரங்களில் ஒரு தலைமுறையின் கனவுகள்—'

சக்கரத்தில் துரு இல்லை. துரு பின்கதவில். கனவு எதுவும் ஏற்றப்படவில்லை. ரோஜா, செம்பருத்தி, வேப்பங்கன்று, கொஞ்சம் எருமூட்டை.

மூன்றாம் முயற்சி: ஒரு நிபுணர் இருந்தார். அவர் வீட்டில் பதினாறு வயதான டீசல் பிக்கப் ஒன்று இருந்தது.

[பதினேழு. பதிவுப் புத்தகத்தைப் பார்க்கவும். — அ.]

பதினேழு வயதான டீசல் பிக்கப் ஒன்று இருந்தது. முன்கண்ணாடியின் வலது மூலையில் ஒரு கீறல், ஓட்டுநர் இருக்கையில் இரண்டு தலையணை, டீசல் அளவு காட்டும் முள் இரண்டு வருஷமாக 'பாதி' என்ற இடத்திலேயே தவம். வண்டியை ஓட்டுவது நிபுணரின் மனைவி. அவர் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறார். வண்டியைப் புரிந்துகொள்வது நிபுணரின் வேலை. வேலைப் பிரிவினை திருமணமான நாளிலிருந்து இப்படித்தான்: அவர் செய்வார், இவர் விளக்குவார்.

இந்த நிபுணர் முழுக்க முழுக்கக் கற்பனைப் பாத்திரம். எவரையும் குறிப்பதல்ல.

[நான்தானே? — அ.]

3

வண்டி முதலில் நின்றது சிமெண்ட் கிடங்குக்கு எதிரே. கொஞ்ச தூரம் இருமி, எச்சரிக்கை விளக்கை ஏற்றி, பாரம் தாங்காத கழுதை மாதிரி வேகம் குறைந்து, அப்படியே படுத்துவிட்டது. மனைவி போன் செய்தார். நிபுணர் ஸ்கூட்டரில் வந்தார். கையில் கருவிப்பெட்டி. கருவிப்பெட்டிக்குள், கருவிகளுக்கும் மேலே, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாள்: 'பழுதறியும் முறை: பதினொரு படிகள்.'

[பன்னிரண்டு. — அ.]

அவர் ஓய்வு பெறுவதற்கு முன் கரும்பலகையில் நான்கு நிறச் சாக்கட்டியால் என்ஜின் வரைவார். அந்தப் படத்தில் ஒரு சொட்டு எண்ணெய் சிந்தியதில்லை. மாணவர்கள் அந்தப் படத்தைப் பத்து வருஷம் கழித்தும் பேசுவார்கள். நிஜ என்ஜினுக்கும் அவருக்கும் இடையே எப்போதும் ஒரு மரியாதையான இடைவெளி இருந்தது. இப்போதுதான் இருவரும் நெருங்கிப் பழக ஆரம்பித்திருந்தார்கள்.

படி ஒன்று: டாங்கில் டீசல் இருக்கிறதா? முள் செத்துப்போனதால் மூங்கில் குச்சி விட்டுத்தான் பார்க்க வேண்டும். அதற்கு டாங்க் மூடியைத் திறக்க வேண்டும். அதற்குச் சாவி வேண்டும்.

சாவியைப் பற்றி ஒரு வார்த்தை.* பக்கத்துத் தெருவில் ஒரு லாரியிலிருந்து டீசல் திருடு போனது என்று கேள்விப்பட்ட மறுநாளே, பழைய மூடியை எறிந்துவிட்டு எஃகு மூடி ஒன்று வாங்கினார் நிபுணர். பூட்டு உண்டு, தடித்த ரப்பர் வளையம் உண்டு. "ஒரு சொட்டு ஆவிகூட வெளியே வராது," என்று மனைவியிடம் காட்டினார். சாவி இரண்டு. ஒன்று அவர் பெல்ட்டில். மற்றது பீரோவில், வீட்டுப் பத்திரத்துக்கு அடியில்.

* ஒரு வார்த்தை என்றேன், ஒரு பத்தி ஆகிவிட்டது. எழுத்தாளர்கள் சொல்லும் எண்களை நம்பாதீர்கள். சென்சார்களை நம்பலாம்.

படி இரண்டு பாட்டரி. மூன்று வடிகட்டி. நான்கிலிருந்து பத்து வரை அவர் செய்ததை நானும் பார்த்திருக்கிறேன். ஒன்றும் புரியாது, ஆனால் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். படி பதினொன்றில் கையடக்க ஸ்கேனரை வண்டியில் சொருகினார். அது சொன்னது: எரிபொருள் அழுத்தம் குறைவு.

"அழுத்தம் குறையறதுக்குக் காரணமே இல்லையே," என்றார் நிபுணர். "டீசல் இருக்கு, வடிகட்டி புதுசு, பம்ப் நல்லா இருக்கு. அப்போ என்ன அர்த்தம்?"

"என்ன அர்த்தம்?" என்றார் மனைவி, பின்னால் வாடிக்கொண்டிருந்த நாற்றுகளைப் பார்த்தபடி.

"சென்சார் பொய் சொல்லுது."

புது சென்சார் வாங்கி வந்து மாட்டினார். படி பன்னிரண்டு: சாவியைத் திருப்பு. வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. "பார்த்தியா?" என்றார். மனைவி பார்த்தார்.

எட்டாம் நாள் மறுபடி நின்றது. மறுபடி ஸ்கூட்டர், குச்சி, பன்னிரண்டு படிகள். ஸ்கேனரும் பழைய பல்லவியையே பாடியது. இம்முறை பொய்யர் பட்டம் காற்றின் அளவைக் காட்டும் சென்சாருக்குப் போனது. அதை மாற்றினார், கிளம்பியது. பிறகு வெப்பம் காட்டும் சென்சார். கிளம்பியது. பிறகு என்ஜின் சுற்றைக் கணக்கிடும் சென்சார். கிளம்பியது. பிறகு ஆக்ஸிலரேட்டர் மிதியின் சென்சார். கிளம்பியது. ஆறு வாரத்தில் ஐந்து முறை நின்ற வண்டி, அவர் கை பட்டதும் ஐந்து முறையும் கிளம்பியது.

உதிரிபாகக் கடைக்காரர் அவரைக் கண்டதும் எழுந்து நாற்காலி போட ஆரம்பித்தார்.

"வாங்க சார். இன்னிக்கு எந்த சென்சார் சார்?"

"அதை முறைப்படி ஆராய்ஞ்சுதான் சொல்ல முடியும்."

"ஆராயுங்க சார், நல்லா ஆராயுங்க. நான் எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு வரவழைச்சு வச்சிருக்கேன்."

[இந்த உரையாடல் நடக்கவில்லை. அவர் 'மூன்று மூன்று' என்றார். — அ.]

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு சங்கடம். மனிதரை வெறும் கோமாளியாக எழுதிக்கொண்டு போகிறேன். கைதட்டல் கிடைக்கும், ஆனால் ஆளைக் காணோம். நிபுணர் இரவல் வாங்கிய மீசைபோல ஒட்டாமல் நிற்கிறார். அழித்துவிட்டு மறுபடி எழுதிப் பார்க்கிறேன்.

ஓய்வு பெற்ற முதல் மாதம் நிபுணர் மனைவியின் பண்ணைக்கு உதவப் போனார். ஒவ்வொரு தொட்டியிலும் செடியின் தாவரவியல் பெயரை எழுதி அட்டை செருகினார். நூற்று எண்பது அட்டை, அழகான கையெழுத்து. வாடிக்கையாளர்கள் அட்டையைத் தள்ளிவிட்டு, "அந்தச் சிவப்புப் பூ, அன்னிக்கு எடுத்தோமே, அது குடுங்க," என்றார்கள். மனைவி எடுத்துக் கொடுத்தார். இரண்டாவது மாதம் தண்ணீர் ஊற்றினார். ஊற்றக் கூடாதவற்றுக்கு ஊற்றினார். மூன்றாவது மாதம் மனைவி, "நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுங்களேன்," என்றார்.

ரெஸ்ட் எடுத்தார். காலையில் பேப்பர். பத்தரை மணிக்கு அதே பேப்பரின் மறுபக்கம். போன் மேஜைமேல் இருக்கும். சத்தம் முழுசாக வைத்திருப்பார். கடன் அட்டை வேண்டுமா என்று கேட்பவர்களிடம்கூடப் பத்து நிமிஷம் வட்டி விகிதம் பற்றிப் பேசுவார். இப்படி இருக்கும்போதுதான் அந்த முதல் அழைப்பு: "என்னங்க, வண்டி நின்னுடுச்சு. நீங்க வந்தாத்தான் ஆகும்."

நீங்க வந்தாத்தான் ஆகும். முப்பத்தொரு வருஷத்தில் எந்த முதல்வரும், எந்த மாணவனும் அவரிடம் இப்படிச் சொன்னதில்லை. போகிற வழியெல்லாம் ஸ்கூட்டரில் அவர்—

[இது தேவையற்றது. நீக்கவும். — அ.]

நீக்கவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தை முடிக்கவும் இல்லை. சரிக்குச் சரி.

ஐந்தாம் முறை வண்டி நின்று கிளம்பிய பிறகு மாற்றுவதற்கு சென்சார் எதுவும் மிச்சமில்லை. நிபுணர் இரண்டு நாள் யோசித்தார். பொய் சொல்வது சென்சார் இல்லை என்றால் பம்ப்தான். உயர் அழுத்தப் பம்பைக் கழற்றி, சாப்பாட்டு மேஜையில் வைத்து, பகுதி பகுதியாகப் பிரிப்பது என்று முடிவு. திருப்பிப் பூட்டத் தனிக் கருவிகள் வேண்டும். அவை இரண்டு ஊர் தள்ளி ஒருவரிடம் இருக்கின்றன. சனிக்கிழமை அறுநூறு கன்றுகள் மேடு ஏற வேண்டுமே என்று மனைவி கேட்டபோது, "அறிவியலுக்கு அவசரம் ஆகாது," என்றார்.

அறிவியலுக்கு ஆகாதுதான். கன்றுகளுக்கு ஆகுமே.

5

இனி மர்மத்தை அவிழ்க்க வேண்டும். யார் அவிழ்ப்பது? மனைவி கண்டுபிடிக்கலாம், படிக்கிறவர்கள் ரசிப்பார்கள், நிபுணர் ரசிக்கமாட்டார். வழிப்போக்கர் ஒருவர் கண்டுபிடிக்கலாம், மலிவான உத்தி. ஆகவே என் அதிகாரத்தைப் பயன்படுத்தி, நிபுணரே கண்டுபிடிப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை காலை. பம்பைக் கழற்றும் முன் கடைசியாக ஒரு முறை பன்னிரண்டு படிகளையும் மனத்தில் ஓட்டிப் பார்க்கிறார். ஐந்து முறையும் வண்டி எப்படி உயிர்பெற்றது? முதல் முறை ஒரு சென்சார், இரண்டாம் முறை வேறொன்று. ஐந்து முறைக்கும் பொதுவாக அவர் செய்தது என்ன? படி ஒன்று. மூடியைத் திறந்தது. திறந்தபோது ஒரு சத்தம் கேட்டது. சோடா பாட்டில் திறப்பதுபோல. 'புஸ்.'

ஐந்து முறையும் கேட்டது. ஐந்து முறையும் குச்சியைத் தேடுகிற மும்முரத்தில் அவர் அதை—

சோடா பாட்டிலில் காற்று வெளியே வரும். இங்கே உள்ளே போயிருக்கிறது. டாங்கிலிருந்து டீசல் வெளியேறினால் அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். காற்றுக்கென்று இருந்த குழாய் எந்தக் காலத்திலோ சேறு அடைத்துச் செத்துவிட்டது. பழைய மூடியில் ஒரு பொடி ஓட்டை இருந்தது. வண்டி அதன் வழியாகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. புது மூடியில் ஓட்டை இல்லை. ஒரு சொட்டு ஆவிகூட வெளியே வராத மூடி, ஒரு துளி காற்றைக்கூட உள்ளே விடாது. பம்ப் இழுக்கிறது, டாங்க் விடமாட்டேன் என்கிறது, அழுத்தம் குறைகிறது. பாரத்தோடு போனால் நாற்பதாவது நிமிடத்தில் வண்டி மூச்சுத் திணறி நிற்கிறது. தெருவைச் சுற்றிப் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஆக, முதல் நாள் முதல் சென்சார் சொன்னது அத்தனையும் சத்தியம். அதைக் கழற்றிக் குப்பையில் போட்டாயிற்று. பாவம், அது மட்டும்—

முடிவுகள் மூன்று வைத்திருக்கிறேன்.

ஒன்று: நிபுணர் மூடியைக் கழற்றி வீசுகிறார். கொஞ்சம் நாடகத்தனம்.

இரண்டு: கடைக்குப் போய் ஓட்டையுள்ள சாதா மூடி வாங்குகிறார். கடைக்காரர் எழுந்து நாற்காலி போடுகிறார். இவர் கேட்பது மூடி என்று தெரிந்ததும் நாற்காலியை மடக்குகிறார்.

மூன்று: யாரிடமும் எதுவும் சொல்லாமல், விரித்த பேப்பரை மடித்து அலமாரியில் வைக்கிறார்.

இதில் எதைப் போடலாம் என்று திருத்துநர் குறித்துத் தரவும்.

[நாற்பது அல்ல. முப்பத்தெட்டு. — அ.]

6

வெள்ளிக்கிழமை மாலை பிரதி திரும்பி வந்தது. ஐந்தாம் பகுதியில் அந்த ஒரே ஒரு சிவப்புக் குறிதான். மூன்று முடிவில் எதற்கும் டிக் இல்லை.

அக்காவுக்குப் போன் செய்தேன். "பம்ப்?"

"வண்டியிலதான் இருக்கு. மேஜையில பேப்பரைக் காணோம். என்னங்க ஆச்சுன்னேன். 'பம்ப் நல்லாத்தான் இருக்கும்னு படுது'ன்னாரு. அவ்வளவுதான்."

"அப்ப மூடியை மாத்திட்டாரா?"

"இல்லடா. அதே மூடிதான்."

"அடப் பாவமே! நாளைக்கு மேட்டுல நின்னா?"

"நின்னா என்ன? திறந்துக்குவேன்."

இங்கேதான் என் அக்கா எனக்கே சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னாள். 'புஸ்' சத்தத்தை முதலில் கேட்டவள் அவள்தான், மூன்றாவது முறை நின்றபோதே. அன்றைக்கே பீரோவைத் திறந்து, வீட்டுப் பத்திரத்துக்கு அடியிலிருந்த சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். வண்டி இரும ஆரம்பித்தால் ஓரம் கட்டுவாள், மூடியைத் திறப்பாள், மூடுவாள், போவாள். மொத்தம் ஒரு நிமிஷம்.

"அப்ப நாலாவது தடவையும் அஞ்சாவது தடவையும்?"

"சும்மா கூப்பிட்டேன்."

"சும்மாவா?"

"அவர் கிளம்பி வர்ற அழகை நீ பார்த்ததில்லையே. சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கிட்டு வருவாருடா, ரோட்டுல நிக்கிற வண்டியைப் பார்க்க. வந்து இறங்கினதும், 'நீ நிழல்ல உக்காரு, நான் பார்த்துக்கறேன்'ம்பாரு. அந்த முக்கால் மணி நேரம் எனக்கும் உக்காரக் கிடைக்குது. பண்ணையில எங்க உக்கார விடறாங்க? ஆனா பம்பைக் கழட்டற அளவுக்குப் போவாருன்னு நான் நினைக்கல. இந்தச் சாவி விஷயத்தை மட்டும் எழுதித் தொலைச்சிடாதே," என்றாள்.

எழுதவில்லை. அதாவது, அத்தானுக்குப் போன பிரதியில் எழுதவில்லை.

7

சனிக்கிழமை நடந்தது இது. அக்கா சொன்னபடி எழுதுகிறேன். என் சரக்கு ஒன்றும் இல்லை.

விடியும் முன்பே பண்ணைக்குப் போய்க் கன்றுகளை ஏற்றி, ஏழு மணிக்கு அங்கிருந்து கிளம்பினாள். மூன்று தட்டிலும் கன்றுகள், மேலே ஈரச்சாக்கு. மேடு ஏறுகிற இரண்டாவது வளைவில் வண்டி இருமியது. ஓரம் கட்டினாள். கைப்பையைத் திறந்தாள். சீப்பு இருந்தது, பில் புத்தகம் இருந்தது, விதைப் பொட்டலம் இருந்தது. சாவி இல்லை. பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். இல்லை.

ஆஸ்பத்திரித் தோட்டத்தில் குழி வெட்டி ஆட்கள் காத்திருந்தார்கள். ஒன்பது மணிக்கு வெயில் ஏறினால் பாதிக் கன்று துவண்டுவிடும். இந்த முறை நிஜமாகவே கூப்பிட்டாள்.

"என்னங்க, வண்டி நின்னுடுச்சு. ரெண்டாவது வளைவு."

"பயப்படாதே. வீட்லதான் இருக்கேன். இதோ கிளம்பறேன்."

வீட்டிலிருந்து அந்த வளைவுக்கு ஸ்கூட்டரில் இருபத்தைந்து நிமிஷம். அவர் நான்கு நிமிஷத்தில் வந்தார். அயர்ன் செய்த சட்டை. ஹெல்மெட்டைக் கழற்றி, "நீ நிழல்ல உக்காரு, நான் பார்த்துக்கறேன்," என்றார்.

உட்கார்ந்தாள். படி ஒன்று. பெல்ட்டிலிருந்து சாவியை எடுத்து மூடியைத் திறந்தார். 'புஸ்' என்றது. மலைச்சரிவு அமைதியாக இருந்ததால் நன்றாகக் கேட்டது. அவர் மரத்தைப் பார்த்தார். அவள் கன்றுகளைப் பார்த்தாள். பிறகு குச்சி விட்டு அளந்தார், "டீசல் இருக்கு," என்று அறிவித்தார், பாட்டரிக்குப் போனார். ஒரு படியையும் விடவில்லை. வேகம் மட்டும் கொஞ்சம் கூட. முக்கால் மணி ஆகிற வேலை பதினோரு நிமிஷத்தில் முடிந்தது. அவரும் வெயிலைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார் போலிருக்கிறது.

பன்னிரண்டாவது படியில் வண்டி கிளம்பியது. எட்டே காலுக்கு அறுநூறு கன்றும் ஆஸ்பத்திரித் தோட்டத்தில் இறங்கின. ஒன்றுகூட வாடவில்லை.

"சாவி?" என்றேன்.

"வீட்டுக்கு வந்து பீரோவைப் பார்த்தேன். பத்திரத்துக்கு அடியில பத்திரமா இருக்கு."

"கேட்டியா?"

"என்னன்னு கேக்கறது? 'எங்கிட்ட இருந்த சாவி எப்படி இங்க வந்தது'ன்னா? 'அது உங்கிட்ட எப்படி வந்தது'ன்னு அவர் கேக்கமாட்டாரா?"

இதையெல்லாம் சேர்த்து அச்சுக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"குடு. படிச்சாலும் படிக்காத மாதிரி இருந்துடுவாரு. அதில அவர் கெட்டி."

"நீ?"

"நான் மட்டும் என்னவாம்?" என்று சிரித்தாள். பிறகு, போனை வைக்கப்போகிறவள் மாதிரி இருந்துவிட்டு, "ஒண்ணு சொல்லலியே," என்றாள். "அவர் பானெட்டுக்குள்ள தலையை விட்டிருந்தப்ப நான் எந்திரிச்சுப் போயி ஸ்கூட்டர் சைலன்ஸரைத் தொட்டுப் பார்த்தேன். இருபத்தஞ்சு நிமிஷம் ஓடி வந்த வண்டின்னா கை வெந்துடணும் இல்ல?"

"ஆமா."

"சில்லுன்னு இருந்துச்சுடா. காலங்காத்தால வந்து அந்த வளைவுக்குப் பின்னால காத்துக்கிட்டு இருந்திருக்காரு."

இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. அத்தானைப் பேச வைத்தேன். அவர் குரல் என் குரலாக இருந்தது, கிழித்துவிட்டேன். அக்காவைப் பேச வைத்தேன், அதுவும் சரிப்படவில்லை. இருவரும் ஒரே மேஜையில் சாப்பிடுகிறார்கள். மூடி வண்டியில் இருக்கிறது. ஓட்டையுள்ள மூடி எந்தக் கடையிலும் கிடைக்கும். யார் முதலில் வாயைத் திறப்பது, அல்லது திறக்காமலே இருப்பதா என்பதை இதற்கு அடுத்த வரியில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இடம் விட்டிருக்கிறேன்.

[                                        ]

பென்சிலில் எழுதுங்கள்.